அரைப் பேர்

ஒக்டோபர் 7, செவ்வாய்

விடிந்ததிலிருந்து பனிமூட்டம். நேற்றுப் பௌர்ணமிப் போயா லீவில் துவைத்த சேலை இன்னும் ஈரம். இஸ்திரிப் பெட்டியை வைத்து வைத்தே காயவைத்தேன். ஓரத்தில் கொஞ்சம் மஞ்சளித்துவிட்டது. மடிப்புக்குள் மறைந்துவிடும்.

செய்ய வேண்டியவை:
- பாடக்குறிப்பு, வியாழனுக்கு முன்.
- வாசிப்பு மாதப் பதாகை. ராணி டீச்சரிடம் எழுதக் கொடுக்க வேண்டும். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி.
- தரம் 8க்குக் கதை போட்டோக் கொப்பி.
- அம்மாவுக்கு முழங்கால் தைலம். (போன கிழமையும் இதையே எழுதியிருக்கிறேன்.)

வியாழன் ஆசிரிய ஆலோசகர் வருகிறார். இனி ஆ.ஆ. கல்வி வலயத்துக்குப் புதியவர், யாழ்ப்பாணத்துக்காரர். கடைசி வாங்கில் உட்கார்ந்து நான் இலக்கியம் படிப்பிப்பதைப் பார்ப்பாராம். அதிபர் பார்க்கும்போதெல்லாம் நிறுத்திச் சொல்கிறார். "புவனா டீச்சர், ஸ்கூல் மானம் உங்க கையிலதான் இருக்கு." ஆலோசகர் வேலைக்கு இன்னொரு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்றும் ஒரு பேச்சு. அதைச் சொன்னது ராணி. எனக்கு ஆசையா? ஆசைதான். யார் பார்க்கப்போகிறார்கள், எழுதிவைக்கிறேன். ஹட்டனிலிருந்து டிக்கோயா தாண்டி இந்த மேட்டுப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து போவது அலுத்துவிட்டது.

கதை வலயம் தந்த வாசிப்புக் கையேட்டில் உள்ளது. ஒரு கலியாண வீடு. சமையல்காரி ஒருத்தி விடியுமுன் அடுப்பு மூட்டி ஊருக்கே சமைக்கிறாள். சாப்பிட்டவர்கள் எல்லோரும் வீட்டுக்காரரைப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். அவள் பின்பக்கம் கரிச்சட்டி கழுவிக்கொண்டிருக்கிறாள். கடைசி வரி: "அன்றும் அவளுக்குப் பெயர் கிடைக்கவில்லை." இரண்டு பக்கம், அவ்வளவுதான்.

கையேட்டில் விடையும் உண்டு: "பெயர் என்பது இங்கே புகழைக் குறிக்கும். உழைப்பவர் ஒருவர், புகழ் பெறுபவர் வேறொருவர் என்ற சமூக முரணை இவ்வரி உணர்த்துகிறது." இதைப் பலகையில் எழுதி, பிள்ளைகள் கொப்பியில் எழுதினால் இலக்கிய நயம் முடிந்தது.

தரம் 8 பரவாயில்லை. வருஷத் தொடக்கத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு ஒரு பந்தியை முழுதாக வாசிக்க வராது. டிலுக்ஷி என்று ஒருத்தி. வரிக்குக் கீழே விரலை வைத்து, உதட்டை மட்டும் அசைத்து, சத்தம் வெளியே வராமல் வாசிப்பாள். இப்போது விரல் இல்லை. சத்தம் வருகிறது. வாசித்து முடித்ததும் "ஏன் டீச்சர்?" என்று மெல்லக் கேட்கிறாள். இந்த வருஷம் நான் உருப்படியாகச் செய்தது அந்த ஒரு "ஏன்"தான்.

பின்னேரம் அம்மாவின் போன். டயகமவில் தம்பியோடு இருக்கிறாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"என்னா டீச்சரம்மா, இன்னைக்கு முழுப் பேரா, அரைப் பேரா?"

நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதே கேலி. அம்மாவுக்குப் பேர் என்றால் தேயிலைத் தோட்டத்து நாள் வேலை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் போட்டால்தான் அந்த நாள் ஒரு நாள். பறித்த கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். எத்தனையோ வருஷம் அம்மா இந்தக் கணக்கில்தான் வாழ்ந்தாள்.

"முழுப் பேர்தாம்மா."

"அப்ப சரி. சாப்பிடு."


ஒக்டோபர் 9, வியாழன்

இன்றைக்கு எழுத வேண்டாம் என்று இருந்தேன். தேநீர் ஊற்றினேன், குடிக்கவில்லை. மாவு பிசைந்தேன், உப்புப் போட்டேனா தெரியாது. எழுதித் தொலைக்கலாம்.

தகரத்தில் மழை. அதற்கு மேலாகக் கத்திப் படிப்பித்தேன். ஆ.ஆ. நெடிய மனிதர், சின்ன வாங்கில் முழங்காலை மடக்க இடமில்லாமல் ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார். நல்ல மாதிரி. பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். கதை வாசிப்பு நன்றாகப் போனது. டிலுக்ஷி கரிச்சட்டிப் பந்தியை வாசித்தாள், தடங்கலே இல்லை.

கடைசி வரிக்கு வந்தோம். "இதிலயிருந்து உங்களுக்கு என்ன விளங்குது?" என்று கேட்டேன். வகுப்பில் நான் இப்படித்தான் பேசுவேன். யாழ்ப்பாணத்தில் பட்டப்படிப்பு முடித்து வந்ததிலிருந்து "ஓம்", "விளங்குது". வீட்டில் "ஆமா", "புரியுது".

பிள்ளைகள் பக்கத்தைப் புரட்டினார்கள். அப்புறம் டிலுக்ஷி எழும்பினாள். நான் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் அவளாக எழும்பியது இதுதான் முதல் தடவை.

"அவளுக்குப் பேர் போடல டீச்சர்."

"விளங்கேல்லை. வடிவாச் சொல்லும்."

"விடிய முன்னுக்கே வந்து முழு நாளும் வேல செஞ்சிருக்கா. ஆனா பேர் போடல. அப்ப அன்னைக்கு அவ வேலைக்கே வரல்லன்னு ஆயிரும்தானே டீச்சர்? 'அன்றும்'னு வேற இருக்கு. அப்ப அதுக்கு முந்தியும் போடல. அவ இம்புட்டு நாளா அங்க இருந்ததே இல்லைங்கிற மாதிரி."

பின் வாங்கிலிருந்து ஒருவன்: "அரைப் பேராவது போட்டிருக்கலாம்."

இன்னொருத்தி: "எப்புடிடா அரைப் பேரு? அவ ஊருக்கே ஆக்கியிருக்கா!"

"கல்யாண வீட்டுக்காரர்தான் கங்காணி மாதிரி!"

வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. ஒரு கதைக்காக. கதைக்குள் இருக்கிற ஒரு சமையல்காரிக்காக. எந்த ஆசிரியைக்கு இது வாய்க்கும்? எனக்கு நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டும்.

நான் ஆ.ஆ.வின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்று தெரிந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. யாருக்காக வெட்கம், எதற்கு வெட்கம், அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. சிரித்தேன். பெரியவர்கள் சின்னப் பிள்ளையின் மழலைக்குச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"பெயர் எண்டால் புகழ். கதையில இல்லாததைச் சொல்லக் கூடாது. இரும்."

வகுப்பு அடங்கிவிட்டது. ஆ.ஆ. மட்டும் கையைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"பொறுங்கோ டீச்சர். பிள்ளை என்னவோ சொல்ல வருகுது. பேர் போடுறது எண்டால் என்ன? இங்கத்தைய சொல்லோ?"

"தெரியாது சேர். அது லயத்துப் பேச்சு. எனக்கு விளங்கிறதில்லை."

எவ்வளவு சுலபமாக வந்தது. நாக்கு தடக்குப்படவே இல்லை.

தெரியாது என்றேன், பொய். விளங்கிறதில்லை என்றேன், பொய். லயத்துப் பேச்சு என்றேன், அது மட்டும் உண்மை. அதைச் சொன்ன தொனிதான் அசிங்கம். நான் பிறந்தது டயகமவில், லயத்து வரிசை வீடுகளில் நாலாவது காம்பராவில். என் காதில் முதலில் விழுந்த சொற்களில் அதுவும் ஒன்றாக இருக்கும்.

டிலுக்ஷி என்னைக் கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. அவள் நம்பிவிட்டாள். டீச்சருக்கே தெரியாது என்றால் அது சொல்லே இல்லை போல என்று ஒரு பார்வை. பிறகு உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்து, வரிக்குக் கீழே விரலை வைத்தாள்.

அம்மா இரண்டு தடவை போனில் கூப்பிட்டாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.


ஒக்டோபர் 10, வெள்ளி

மழை இல்லை. வெயில் என்றும் சொல்ல முடியாது.

டிலுக்ஷி இன்றைக்கு வாசிக்கவில்லை. "தொண்ட வலிக்குது டீச்சர்." இடைவேளையில் முற்றத்தில் அவள் சத்தம் கேட்டது, தொண்டைக்கு ஒன்றுமில்லை. கேட்டது இன்னொன்றும். பையன்கள் அவளைச் சுற்றி: "ஏய் லயத்துப் பேச்சு! ஏய் லயத்துப் பேச்சு!" கத்தினவர்கள் எல்லோரும் அதே தோட்டத்து லயங்களிலிருந்து வருகிறவர்கள். நேற்றுவரை அவர்களிடம் இப்படி ஒரு வசை இருக்கவில்லை. நான் கொடுத்தது.

அதட்டி விரட்டினேன். விரட்டும்போது "என்ன சத்தம் அங்கை?" என்றேன். ஒருவன் ஓடிக்கொண்டே "அங்கை, அங்கை" என்று என்னைப் போலவே பேசிக்காட்டினான். சரியாகத்தான் பேசினான்.

ஆசிரியர் அறையில் ராணி பதாகையில் "வாசிப்பு" என்ற சொல்லுக்குச் சிவப்பு மை தீட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"டீச்சர், பேர்னா என்னான்னு தெரியாதுன்னு சொன்னீங்களாம்?"

"யார் சொன்னது?"

"புள்ளைங்க பேசிக்குதுங்க." ஒரு எழுத்தை முடித்தாள். "எங்க ஐயா கூட இருவது வருசம் பேர் போட்டாரு, இறம்பொடையில. எனக்குத் தெரியும். அதான் கேட்டேன்."

அவளுக்கு என் ஊர் தெரியும். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. பதாகை அழகாக வந்திருக்கிறது.

மதியம் அதிபர் கூப்பிட்டார். ஆ.ஆ.வுக்கு என் வகுப்பு பிடித்துவிட்டதாம். வரும் புதன் ஹட்டனில் ஆசிரியர் செயலமர்வு. "வாசிப்பில் மாணவர் விடும் தவறுகள்" என்று நான் பேச வேண்டுமாம். அதிபருக்கு வாயெல்லாம் பல். எனக்கும்தான். வெட்கமும் சந்தோஷமும் ஒரே நேரத்தில் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும் என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

தைலம் வாங்கவில்லை.


ஒக்டோபர் 12, ஞாயிறு

ஹட்டன் கடைத்தெருவில் தீபாவளிக் கூட்டம். தெருவெல்லாம் குடை, குடைக்கு மேல் மழை, எல்லாக் கடையிலும் ஒரே பாட்டு. இவருக்குச் சட்டை, அம்மாவுக்கு நூல்சேலை (நீலம், சின்னக் கரை), தம்பி பிள்ளைகளுக்கு மத்தாப்பு, உளுந்து, வெல்லம். தைலம், ஒருவழியாக.

வந்து செயலமர்வுக்கு எழுத உட்கார்ந்தேன். பிள்ளைகள் விடும் தவறுகள்:

1. குறில் நெடில் மாறி வாசித்தல்.
2. முற்றுப்புள்ளியில் நிற்காமல் ஓடுதல்.
3. தெரியாத சொல்லை விட்டுவிட்டுத் தாண்டுதல்.
4. சொல்லுக்குத் தவறான பொருள் கொள்ளுதல். உதாரணம்: 

உதாரணத்துக்கு என்னிடம் ஒன்றுதான் இருந்தது. எழுதினேன். வெட்டினேன். வேறொன்று யோசித்துப் பார்த்தேன், எல்லாம் சப்பென்று இருந்தது. இவரிடம் வாசித்துக் காட்டினேன். இவர் ஹட்டன் கடைக்காரர் மகன், தோட்டம் தெரியாது. சட்டையைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே சொன்னார், "நல்லாத்தானே இருக்கு. போடு. ஆளுங்க சிரிப்பாங்க, தூங்காம கேப்பாங்க."

திரும்ப எழுதினேன். பிள்ளையின் பெயரைப் போடவில்லை. அதைப் பெரிய நியாயம் போல மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அம்மா கேட்டாள், முழுப் பேரா அரைப் பேரா. ஞாயிற்றுக்கிழமையும் கேட்பாள். "இன்னைக்கு லீவும்மா" என்றேன். "லீவுல வேல செஞ்சா ரெட்டைப் பேர்டி" என்றாள். பெரிய பகிடி அவளுக்கு.


ஒக்டோபர் 15, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. மஞ்சளித்த ஓரத்தை மடிப்புக்குள் வைத்துக் கட்டின அதே சேலை. முதல் மூன்று தவறையும் சொன்னேன், குறிப்பெடுத்தார்கள். நாலாவதுக்கு வந்தேன். கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். கடைசி வரியைச் சொன்னேன். கொஞ்சம் நிறுத்தினேன். (நிறுத்த வேண்டும் என்று தாளிலேயே குறித்து வைத்திருந்தேன்.) பிறகு டிலுக்ஷியின் குரலில், அவளைப் போலவே, "அவளுக்குப் பேர் போடல டீச்சர்" என்றேன்.

மண்டபமே சிரித்தது. நல்ல வாய்விட்ட சிரிப்பு. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சூடு பரவியது, இனித்தது என்றே எழுதுகிறேன்.

பிறகுதான் முகங்களைப் பார்த்தேன். சிரித்தவர்களில் பலரை எனக்குத் தெரியும். ஒன்றாகப் படித்தவர்கள். அக்கரப்பத்தனை, பொகவந்தலாவை, மஸ்கெலியா. பாதி ஆட்களுக்கு மேல் லயத்துப் பிள்ளைகள். சொல் தெரிந்துதான் சிரித்தார்கள், தெரிந்தால்தானே அது சிரிப்பு. என்னைப் போலவே அவர்களும் எங்கே சிரிக்க வேண்டும் என்று படித்துக்கொண்டவர்கள். ராணி சிரிக்கவில்லை. கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள், நான் மேடையிலிருந்து இறங்கும்வரை தேடினாள்.

தேநீர் நேரம். கையில் ரோல்ஸோடு ஆ.ஆ. வந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார், நான் சங்கடப்படக் கூடாதாம்.

"டீச்சர், ஒரு விசயம். நான் வாடகைக்கு இருக்கிற வீட்டு அம்மாட்டக் கேட்டனான். பேர் எண்டால் தோட்டத்தில ஒரு நாள் வேலையாம். வேலைக்கு வந்த ஆளின்ர பேரைப் பதியிறதால அப்பிடி வந்திருக்கு. பிள்ளை பிழை விடேல்லை. யோசிச்சுப் பாருங்கோ, எங்கட கையேட்டு விடையை விட அவளின்ர விடை திறம். புகழ் கிடைக்கேல்லை எண்டுறது சின்னக் கவலை. வந்ததே பதியேல்லை எண்டுறது எவ்வளவு பெரிய விசயம்!"

என் அம்மாவின் சொல்லுக்கு அர்த்தம். எனக்கு. அவர் சொல்லித்தருகிறார். ரோல்ஸ் துகள் ஒன்று அவர் மீசையில் ஒட்டியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நல்ல மனிதர், முகம் சுளித்திருக்க மாட்டார். சந்தோஷப்பட்டிருப்பார். அன்றைக்கும் என்னைப் பொய் சொல்லச் சொல்லி அவர் கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்கவில்லை.

"அப்பிடியோ சேர்? எனக்குப் புதுசு."

"நீங்கள் டவுண் ஆள்தானே, தெரியாமல் இருந்ததில பிழையில்லை. பிள்ளையிட்ட மட்டும் சொல்லிவிடுங்கோ, அவள் சொன்னது சரியெண்டு. அது முக்கியம்." பிறகு கப்பை வைத்துவிட்டு, "ஆலோசகர் இடத்துக்கு உங்கட பேரைக் குடுக்கிறன்" என்றார்.

அவளுக்குப் போடாத பேர் எனக்குக் கிடைத்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது இதைச் சொல்லிச் சிரிக்கக்கூட ஆளில்லை. ராணி முன்னால் உட்கார்ந்திருந்தாள், பக்கத்து இருக்கை காலி. நான் பின்னால் போய் நின்றேன்.

வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் கிடைக்கவில்லை.


ஒக்டோபர் 17, வெள்ளி

நேற்றுச் சொல்லியிருக்க வேண்டும். வகுப்புக்குப் போனேன், வாயைத் திறந்தேன், "அடுத்த பாடத்தை எடுங்கோ" என்று வந்தது.

இன்றைக்கு அலகுப் பரீட்சை வைக்கும் நாள். அந்தக் கேள்வியையும் வைத்தேன். ஒரு திட்டத்தோடுதான். டிலுக்ஷி தன் விடையை எழுதுவாள், நான் முழுப் புள்ளி போட்டு, "மிக நன்று, நீ சொன்னதே சரி" என்று சிவப்பு மையில் எழுதுவேன். நேருக்கு நேர் பேசாமல் தப்பிவிடலாம். கோழைக்கு ஏற்ற திட்டம்.

விடைத்தாளைப் பஸ்ஸிலேயே எடுத்துப் பார்த்தேன். குண்டு குண்டான எழுத்து:

"பெயர் என்பது இங்கே புகழைக் குறிக்கும். உழைப்பவர் ஒருவர், புகழ் பெறுபவர் வேறொருவர் என்ற சமூக முரணை இவ்வரி உணர்த்துகிறது."

ஒரு எழுத்துப் பிழை இல்லை. "முரணை" என்ற சொல்லில் ரகரம் றகரம், ணகரம் னகரம் எதிலும் தடுமாற்றமில்லை. மனப்பாடம். முழுப் புள்ளி கொடுக்காமல் என்ன செய்வேன்? கொடுத்தேன். மற்றவர்களும் அதையேதான் எழுதியிருந்தார்கள். அரைப் பேராவது போட்டிருக்கலாம் என்றவனும்.

இந்த வகுப்பின் சராசரி இதுவரை இவ்வளவு உயர்ந்ததில்லை. அதிபர் பார்த்தால் மாலை போடுவார்.


ஒக்டோபர் 20, திங்கள். தீபாவளி

டயகம. நேற்றே வந்துவிட்டோம். அம்மா நீலச் சேலையைத் தடவிப் பார்த்து, "எதுக்குடி இம்புட்டு நல்லது" என்று உள்ளே மடித்து வைத்துவிட்டு, பழையதையே கட்டிக்கொண்டாள். தைலம் போட்டுவிட்டேன். முழங்கால் வீங்கியிருக்கிறது. "மலையில ஏறி எறங்குன காலு, அப்புடித்தான் இருக்கும்."

அடுப்பில் வடை. இவரும் தம்பியும் பிள்ளைகளும் வெளியே வெடியோடு. அம்மா மாவைத் தட்டிக்கொண்டே, வழக்கம்போல, "இன்னைக்கு?" என்றாள்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அந்தப் பிள்ளை சொன்னது, நான் தெரியாது என்றது, மேடையில் சிரிக்கவைத்தது, அந்தச் சேர் எனக்கே அர்த்தம் சொன்னது. அழுதும்விட்டேன், புகை மேல் பழியைப் போட வசதியாக இருந்தது.

அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்றே சொல்லலாம். அவள் வடையைத் திருப்பிப் போட்டாள்.

"நல்லதுதானே செஞ்ச. தெரியும்னு சொன்னா எப்புடித் தெரியும்னு கேப்பாங்க. அப்பறம் எங்க பொறந்த, அம்மா என்னா வேலன்னு கேப்பாங்க. எதுக்கு அது?"

"அம்மா, கேட்டா என்னா?"

"உனக்கு என்னா. எனக்கு வேணாம். அந்தப் பேச்செல்லாம் உன் வாயில வரக் கூடாதுன்னுதானே படிக்க வச்சேன்." ஒரு வடையை இலையில் வைத்து என் பக்கம் தள்ளினாள். "நான் உங்கிட்ட முழுப் பேரான்னு கேக்குறது வீட்டுக்குள்ள. வெளியில நீ தெரியாதுன்னே சொல்லு."

அவள் சந்தோஷமாகச் சொன்னாள். மகள் நன்றாகத் தேறிவிட்டாள் என்கிற மாதிரி. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இது தாங்கவில்லை.

வடை சூடு. நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

டிலுக்ஷியும் ஒரு நாள் இப்படித் தேறிவிடுவாள். அதற்கு முன் போய்ச் சொல்ல வேண்டும்.


ஒக்டோபர் 22, புதன்

நல்ல வெயில். ஜன்னலுக்கு வெளியே மேட்டில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பிலிருந்து பார்த்தால் ஆள் அடையாளம்கூடத் தெரியும் தூரம். பிள்ளைகளில் யாரோ ஒருவரின் அம்மா நிச்சயம் அதில் இருப்பாள்.

இன்றைக்குச் சுற்றி வளைக்கவில்லை. வரவுப் பதிவு எடுத்து முடித்ததும் நின்றபடியே சொன்னேன். வீட்டுப் பேச்சிலேயே சொன்னேன்.

"அன்னைக்கு ஒரு கதை படிச்சோம்தானே. பேர் போடுறதுன்னா என்னான்னு எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன். அது பொய். எனக்குத் தெரியும். நானும் லயத்துலதான் பொறந்தேன், டயகமவுல. எங்க அம்மா கொழுந்து எடுத்தாங்க. தினமும் பேர் போட்டாங்க. டிலுக்ஷி சொன்னது சரி. புத்தகத்துல இருக்கிற விடைய விட நல்ல விடை. நான் சிரிச்சது தப்பு."

பிள்ளைகள் என்னைப் பார்க்கவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் வேறு குரலில் பேசுகிறார், இதில் என்ன பொறி என்று தேடுகிற பார்வை.

"டிலுக்ஷி, அன்னைக்குச் சொன்னத இன்னொரு தடவ சொல்லும்மா. எல்லாரும் கேக்கட்டும்."

எழும்பினாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"பெயர் என்பது இங்கே புகழைக் குறிக்கும். உழைப்பவர் ஒருவர்..."

"அது இல்லம்மா. நீ சொன்னது. அவளுக்குப் பேர் போடலன்னு."

"அண்டைக்குப் பிழையாச் சொல்லிட்டன் டீச்சர்."

சொல்லிட்டன். சொல்லிட்டேன் இல்லை. அவள் வாயில் என் "டன்". எங்கே படித்தாள் என்று கேட்க வேண்டியதில்லை.

"பிழை இல்ல. நான்தான் பிழை. வீட்டுல பேர்னா என்னா சொல்லுவாங்க? சும்மா சொல்லு."

ஜன்னல் பக்கம் பார்த்தாள். மேட்டில் ஒருத்தி நிமிர்ந்து, கூடையைச் சரிசெய்து, மறுபடி குனிந்தாள். டிலுக்ஷி கண்ணை எடுத்துவிட்டாள்.

"தெரியாது டீச்சர். அது லயத்துப் பேச்சு. எனக்கு விளங்கிறதில்லை."

யாரும் சிரிக்கவில்லை. நான் அவளை உட்காரச் சொன்னேனா, அவளாக உட்கார்ந்தாளா, நினைவில்லை. மணி அடித்தது.

பின்னேரம் அம்மா போனில் கூப்பிட்டாள். இந்தத் தடவை போனைக் கவிழ்க்கவில்லை.

"என்னா டீச்சரம்மா, இன்னைக்கு முழுப் பேரா, அரைப் பேரா?"

"அரைப் பேர்தாம்மா."

"ஏன்டி, நெற பத்தலையா?"

"பத்தலம்மா."